துர்காபாய் தேஷ்முக் யார்? பெண்களுக்கான பணத்துக்கு யார் கையெழுத்துப் போடணும் என்று யோசித்தவரின் கதை

பாம்பன் பாலத்தை ரயிலில் கடக்கும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் போனை நீட்டி வீடியோ எடுப்போம். அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே சின்னப்பாலம் என்று ஒரு மீனவ கிராமம் இருக்கிறது. அங்கே உள்ள பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் முங்கி, பாறையில் வளரும் பாசியை எடுத்து வருகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள், காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள். அவர்களுடைய பாதுகாப்பு உபகரணம் அவ்வளவுதான்.

இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். மாசத்துக்கு 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மற்ற நாட்களில் கடலை வளர விடுவது என்பதுதான் அந்த விதி. அதை எந்த அதிகாரியும் வந்து திணிக்கவில்லை. சங்கமாக உட்கார்ந்து, பேசி, ஒத்துக்கொண்டு எடுத்த முடிவு.

ஒரு சங்கம் கூடி, முடிவெடுத்து, அந்த முடிவை எல்லோரும் மதிப்பது கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆனால் பெண்களுக்கான எத்தனையோ அமைப்புகள் இந்த இடத்தில்தான் உடைந்து போயிருக்கின்றன. பணம் வந்திருக்கும், நல்ல நோக்கமும் இருந்திருக்கும். யார் கையெழுத்துப் போடுவது, கணக்கை யார் பார்ப்பது, தலைவி எப்போது மாறுவது என்பதற்கு மட்டும் பதில் இருந்திருக்காது.

இந்தக் கேள்விகளை 70 வருஷத்துக்கு முன்பே நாடு முழுக்க எடுத்துக்கொண்டு போனவர் துர்காபாய் தேஷ்முக். சென்னைக்காரர்களுக்கு அவர் பெயர் ஒரு சாலை, டெல்லிக்காரர்களுக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

8 வயசில் கல்யாணம்

1909 ஜூலை 15-ம் தேதி ராஜமுந்திரியில் பிறந்தார் துர்காபாய். வளர்ந்தது காக்கிநாடாவில். அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணம்தான். 8 வயசில் ஒரு வசதியான குடும்பத்துப் பையனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கல்யாணம் என்றால் என்ன என்று புரிகிற வயசு வந்தபோது, இந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். கணவரிடம் வேறு பெண்ணை மணந்துகொள்ளச் சொல்லிவிட்டு விலகினார். அப்பாவும் சகோதரரும் அவர் பக்கம் நின்றார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

1921-ல் காந்தி காக்கிநாடாவுக்கு வருகிறார். துர்காபாய்க்கு அப்போது 12 வயசு. ஊரில் இருந்த தேவதாசிப் பெண்களும் பர்தா அணியும் முஸ்லிம் பெண்களும் காந்தியைச் சந்திக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. உள்ளூர் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டார். 5,000 ரூபாய் நிதி திரட்டிக் கொடுத்தால் ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு சின்னப் பெண்ணால் எங்கே முடியப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெண்களே பணத்தைத் திரட்டினார்கள். கூட்டம் நடந்தது. ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது. பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றி நிதிக்குக் கொடுத்தார்கள். காந்தி இந்தியில் பேச, துர்காபாய் தெலுங்கில் மொழிபெயர்த்தார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஊரார் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பெண்களை உதவி கேட்டு நிற்பவர்களாக துர்காபாய் மேடைக்குக் கொண்டுவரவில்லை, நிதி கொடுப்பவர்களாகக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அவர் செய்த பல வேலைகளிலும் இதே அணுகுமுறையைப் பார்க்கலாம்.

நேருவிடம் டிக்கெட் கேட்ட 14 வயசுப் பெண்

1923-ல் காங்கிரஸ் மாநாடு காக்கிநாடாவில் நடந்தது. கூடவே ஒரு காதி கண்காட்சி. அதன் வாசலில் டிக்கெட் பார்க்கும் தொண்டர் வேலை துர்காபாய்க்கு. டிக்கெட் இல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்த விதி.

ஜவஹர்லால் நேரு வந்தார். கையில் டிக்கெட் இல்லை. துர்காபாய் உள்ளே விடவில்லை. ஏற்பாட்டாளர்கள் பதறிப்போய் ஓடி வந்து திட்டினார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் இரண்டணா டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நேரு உள்ளே போனார். நேரு இதற்காகக் கோபப்படவில்லை, அந்தப் பெண் தன் கடமையைச் செய்த விதத்தைப் பாராட்டினார்.

இந்தச் சம்பவத்தைப் பள்ளிப் புத்தகத்தில் வரும் துணிச்சல் கதை போலத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் ஏதாவது ஒரு சங்கத்திலோ டிரஸ்டிலோ வேலை பார்த்தவர்களுக்கு இதன் கனம் வேறு மாதிரி தெரியும். விதியை எழுதி வைப்பது சுலபம். அந்த விதி பெரிய ஆளுக்கும் பொருந்துமா என்பதுதான் சோதனை. சங்கத் தலைவியின் தங்கைக்கு வரிசை தாண்டிக் கடன் கிடைக்குமா, கிடைக்காதா? இன்றைக்கும் அதே கேள்விதான்.

மதுரை சிறை கற்றுக்கொடுத்த பாடம்

1930-ல் உப்பு சத்தியாகிரகம். சென்னையில் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் துர்காபாயும் ஒருவர். 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் மூன்று முறை சிறை. வேலூரிலும் மதுரையிலும் இருந்தார். மதுரையில் தனிமைச் சிறை. தூக்குத் தண்டனைக் கைதிகளின் அறைகளுக்குப் பக்கத்து அறை. உடம்பும் மனசும் ரொம்பவே பாதிக்கப்பட்டன.

சிறையில் அவர் பார்த்த பெண் கைதிகள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் மேல் என்ன வழக்கு, எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் துர்காபாய்க்கு வந்தது அங்கேதான்.

வெளியே வந்தபோது அவர் மெட்ரிக்குலேஷன்கூட முடித்திருக்கவில்லை. பனாரஸ் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதி மெட்ரிக் முடித்தார். அடுத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம். அங்கே பெண்களுக்கு விடுதி இல்லை, அதனால் சேர்க்கத் தயங்கினார்கள். படிக்க விரும்பும் பெண்களைத் தேடிப் பிடித்து, தானே ஒரு விடுதியை ஏற்பாடு செய்துகொண்டு படித்தார். பிறகு சென்னையில் சட்டம். 1942-ல் பட்டம் வாங்கி வழக்கறிஞரானார்.

வழக்கமான வயசில் படிக்க முடியாமல் போன ஒரு பெண், பிறகு குறுகிய காலத்தில் படித்து மேலே வருவது எப்படி என்பது அவருக்கு அனுபவமாகவே தெரியும். இது பின்னால் ஒரு அரசுத் திட்டமாகவே மாறியது.

மயிலாப்பூரில் ஆரம்பித்த சபா

படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மயிலாப்பூரில் சிறுமிகளுக்காக ஒரு சின்னக் கூட்டமைப்பை நடத்திவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1937-ல் உருவான ஆந்திர மகிளா சபா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களை மெட்ரிக் தேர்வுக்குத் தயார் செய்வதில் தொடங்கி, கைத்தொழில், செவிலியர் பயிற்சி, மருத்துவமனை என்று அது விரிந்தது.

அந்தக் காலத்தில் பெண்களுக்கான உதவி என்றால் பெரும்பாலும் தனிநபர் தர்மம். ஒரு ஜமீன்தாரோ ஒரு செல்வந்தரோ பணம் கொடுப்பார். அவர் மனசு மாறினால் வேலையும் நின்றுபோகும். சபா அப்படி இல்லை. அது ஒரு சங்கம். உறுப்பினர்கள் உண்டு, நிர்வாகக் குழு உண்டு, கணக்கு உண்டு. நடத்தியவர்களும் பெண்கள், பயன்பெற்றவர்களும் பெண்கள்.

ஒரு அமைப்பு நல்லா இருக்கா இல்லையா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஆரம்பித்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அது ஓடுமா? துர்காபாய் 1946-ல் டெல்லி போனார். சபா ஓடியது. 1981-ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகும் ஓடுகிறது. அடையாறு பக்கம் போனால் அதன் மருத்துவமனையைப் பார்க்கலாம். பக்கத்திலேயே அவர் பெயரில் அந்தச் சாலை.

30 வயசு போதும் என்று வாதாடியவர்

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அந்தச் சபையில் இடம்பெற்ற பெண்கள் மொத்தம் 15 பேர். சபைத் தலைவர் இல்லாத நேரத்தில் கூட்டத்தை நடத்தும் குழு ஒன்று இருந்தது. அதில் இருந்த ஒரே பெண் துர்காபாய்தான். சபையின் வேலைகளை ஒழுங்குபடுத்தும் வழிநடத்தல் குழுவிலும் அவர் இருந்தார்.

அவர் கொண்டுவந்த திருத்தங்களில் ஒன்று இளைஞர்களுக்கு முக்கியமானது. மாநிலங்களவை உறுப்பினராக 35 வயசு ஆகியிருக்க வேண்டும் என்பது வரைவில் இருந்த யோசனை. அதை 30 ஆகக் குறைக்கச் சொன்னார். அனுபவமும் பொறுப்புணர்வும் வயசை மட்டும் வைத்து வருவதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு மாநிலங்களவைக்குக் குறைந்தபட்ச வயசு 30 என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்கும் உறுதியாக ஆதரவு தெரிவித்தார். சொத்து கையில் இல்லாத பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் முழுசாகக் கிடைக்காது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

தேர்தலில் தோல்வி, வாரியத்தில் தலைமை

1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நின்று தோற்றார் துர்காபாய். அதே வருஷம் திட்டக் கமிஷன் உறுப்பினராக ஆனார். சமூக சேவைத் துறைகள் அவர் பொறுப்பில் வந்தன.

நாடு முழுக்கப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் உழைக்கும் சின்னச் சின்னத் தன்னார்வ அமைப்புகள் ஏராளமாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பணமில்லாமல் தள்ளாடின. அரசிடம் பணம் உண்டு, ஆனால் அது துறைகளின் கோப்புகளுக்குள் சிக்கிக் கிடக்கும். அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் யாருக்குக் கொடுப்பது, கொடுத்த பணம் சரியாகச் செலவானதா என்று யார் பார்ப்பது?

இதற்கு விடையாகத்தான் 1953 ஆகஸ்ட்டில் மத்திய சமூக நல வாரியம் உருவானது. அதன் முதல் தலைவர் துர்காபாய். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தன்னார்வ அமைப்புகளுக்கு உதவ ஒதுக்கப்பட்ட தொகை 4 கோடி ரூபாய்.

அந்த வாரியத்தில் என்ன புதுசு?

முதலாவது, யார் உட்கார்ந்தார்கள் என்பது. கல்வி, சுகாதாரம், நிதி போன்ற அமைச்சகங்களின் பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆனால் வாரியத்தின் முதுகெலும்பு அரசுப் பதவியில் இல்லாத சமூக சேவகிகள்தான். களத்தில் வேலை செய்த பெண்கள், பணத்தை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யும் மேஜைக்கு வந்தார்கள்.

இரண்டாவது, யாருக்குப் பணம் என்பது. உதவி கேட்கும் அமைப்பு பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். முறையாக அமைக்கப்பட்ட ஒரு நிர்வாகக் குழு வேண்டும். அந்தக் குழுவின் அதிகாரம், கடமை, பொறுப்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கணக்கு தணிக்கைக்கு உட்பட வேண்டும். பொதுவாக அமைப்பும் தன் பங்குக்கு ஒரு தொகை போட வேண்டும். நல்ல மனசு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது.

மூன்றாவது, முடிவுகள் டெல்லியில் மட்டும் எடுக்கப்படவில்லை. 1954 முதல் மாநிலங்களிலும் சமூக நல வாரியங்கள் வந்தன. சென்னை மாநில வாரியத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, 1920களின் கடைசியில் சென்னை சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர். காக்கிநாடாவில் தேவதாசிப் பெண்களைத் திரட்டிக் கூட்டம் நடத்திய சிறுமியும், அந்த முறையையே ஒழிக்கப் போராடிய டாக்டரும், இப்படி ஒரே நிர்வாகச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளாக ஆனார்கள்.

1954-ல் கிராமங்களுக்கான நல விரிவாக்கத் திட்டங்கள் தொடங்கின. சுமார் 25 கிராமங்கள் சேர்ந்தது ஒரு திட்டம். பால்வாடி, தாய்சேய் நலம், பெண்களுக்குக் கைத்தொழில் எல்லாம் அதில் அடக்கம். அதை நடத்துவதற்கு அந்தந்தப் பகுதியில் பெரும்பாலும் பெண்களைக் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது.

1958-ல் இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்று, தன்னார்வ அமைப்புகள் மூலம் சின்னத் தொழிற்கூடங்கள் அமைத்துப் பெண்களுக்கு வேலையும் கூலியும் கொடுக்கும் சமூகப் பொருளாதாரத் திட்டம். இன்னொன்று, படிப்பை விட்ட பெண்களைக் குறுகிய காலத்தில் பள்ளித் தேர்வுக்குத் தயார் செய்யும் சுருக்கக் கல்வித் திட்டம். அதில் படித்தவர்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் கிராம சேவிகாவாகவும் வேலைக்குப் போக முடிந்தது. மயிலாப்பூரில் சபா செய்த வேலை நாடு முழுக்கப் போனது. அதற்கு முன்னோடி துர்காபாயின் சொந்த வாழ்க்கைதான்.

அதே 1958-ல் பெண் கல்விக்கான தேசியக் குழுவுக்கும் அவரே தலைவர். மறுவருஷம் அறிக்கை கொடுத்தார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்ச்சிக் கட்டுரையாகிவிடும்.

1953 ஜனவரி 22-ம் தேதி அவர் சி.டி. தேஷ்முக்கைத் திருமணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நேருவும் ஒருவர். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்த தேஷ்முக், அப்போது நாட்டின் நிதி அமைச்சர். அதாவது, அரசுப் பணத்தில் இயங்கும் வாரியத்துக்கு மனைவி தலைவர், அந்த அரசின் கஜானாவுக்குக் கணவர் அமைச்சர். 1956-ல் தேஷ்முக் பதவி விலகும் வரை இந்த நிலை இருந்தது. இன்றைக்கு எந்த நிர்வாகக் குழுவிலும் இதை நலன் முரண் என்று சொல்லி முதல் கேள்வியாகக் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். இருவரின் நேர்மைக்கும் நல்ல பெயர் இருந்தது உண்மை. ஆனால் ஒரு அமைப்பின் பாதுகாப்பு, தலைவரின் நேர்மையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. டிக்கெட் விதி நேருவுக்கும் பொருந்தும் என்றால், இந்தக் கேள்வி துர்காபாய்க்கும் பொருந்தும்.

இன்னொரு விமர்சனம் வாரிய உறுப்பினர்களைப் பற்றியது. அவர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படவில்லை, அரசால் நியமிக்கப்பட்டார்கள். படித்த, நகரத்து, வசதியான குடும்பப் பெண்கள் நிறைய. கிராமத்தில் கூலி வேலை பார்க்கும் பெண் இந்த அமைப்பில் பெரும்பாலும் பயனாளியாக இருந்தார், முடிவெடுப்பவராக இல்லை. பணமும் நிறைய அமைப்புகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போனது.

வாரியத்தின் சட்ட நிலையும் ஆரம்பத்தில் தெளிவாக இல்லை. அரசு தீர்மானம் ஒன்றால் உருவான அமைப்பு அது. 1969-ல்தான் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் அறப்பணி நிறுவனமாகப் பதிவானது. நாட்டில் உள்ள சங்கங்களிடம் பதிவுச் சான்றிதழ் கேட்ட அமைப்புக்கே, ஒரு தெளிவான சட்ட உருவம் கிடைக்க 16 வருஷம் ஆனது.

1974-ல் பெண்களின் நிலை பற்றிய தேசியக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பெண்களை நலத் திட்டங்களின் பயனாளிகளாக மட்டும் பார்த்தது போதும், வளர்ச்சியின் பங்காளிகளாகப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. 1980-ல் தொடங்கிய ஆறாவது ஐந்தாண்டுத் திட்டத்தில்தான் பெண்கள் வளர்ச்சிக்குத் தனி அத்தியாயமே வந்தது.

சரி, ராமநாதபுரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

துர்காபாயிலிருந்து பாம்பனுக்கு நேராக ஒரு கோடு போட முடியாது. ஆனால் அவர் பாதியில் விட்ட கேள்வியை இந்தக் கடற்கரை வேறு ஒரு வழியில் எடுத்துக்கொண்டது.

1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989-ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அடுத்தடுத்து விரிவாக்கப்பட்ட மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று. 1992-93-ல் இங்கே வந்தது. அதே காலகட்டத்தில்தான் நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியையும் ஆரம்பித்தது.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. மேலே இருக்கும் வாரியம் கீழே இருக்கும் பெண்ணுக்குப் பணம் கொடுக்கும் முறை தலைகீழானது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து தாங்களே சேமிக்கிறார்கள். அவர்களே ஒரு ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. யாருக்குக் கடன் என்பது கூட்டத்தில் முடிவாகி, தீர்மான நோட்டில் ஏறும். பல குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு.

நிர்வாகக் குழு என்று டெல்லியில் சொன்னது, இப்போது சாயல்குடி பக்கம் பனை ஓலை முடையும் பெண்ணின் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. மண்டபத்தில் கருவாடு காயப் போடுபவரும், மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவரும் தாங்களே நிர்வாகக் குழு.

இதில் பணயம் என்ன என்பது அந்தப் பெண்களுக்கு நல்லாவே தெரியும். கடலுக்குப் போக முடியாத மாசங்களில் வீட்டில் வருமானம் இருக்காது. அப்போது கை நீட்ட இரண்டு இடம்தான். ஒன்று, முன்பணம் கொடுத்துவிட்டு, சரக்கைத் தான் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளும் வியாபாரி. இன்னொன்று, குழுவின் சேமிப்பு. குழுவின் கணக்கு குழம்பினால், திரும்பவும் வியாபாரியிடம்தான் போய் நிற்க வேண்டும். தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதாமல் விட்டால், அதன் விலையைக் கொடுப்பது கடலில் முங்கும் பெண்தான்.

நீங்க ஒரு டிரஸ்டில் சேரப் போறீங்களா?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலரை நண்பர்கள் யாராவது ஒரு தன்னார்வ அமைப்பின் குழுவில் சேரக் கூப்பிட்டிருப்பார்கள். ஐ.டி.யில் இருக்கிறீர்கள், ஆடிட்டிங் தெரியும், சும்மா ஒரு பேருக்கு இருங்க என்பார்கள். அந்த சும்மா ஒரு பேருக்கு என்பதில்தான் ஆபத்து. துர்காபாய் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்விகள் இவை:

• குழுவின் அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். ஒரு பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்வாகலாம், ஆனால் தேர்வு நடக்க வேண்டும்.

• தலைவரே கணக்கையும் பார்க்கிறாரா? பணம் எடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். சந்தேகத்தால் அல்ல, அந்தத் தலைவரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றவே இந்த ஏற்பாடு.

• உறவுக்காரர் விஷயம் வந்தால் எழுந்து போகிறார்களா? தன் குடும்பத்துக்கு லாபம் தரும் முடிவு பேசப்படும்போது, அந்த உறுப்பினர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும். அதுவும் நோட்டில் ஏற வேண்டும்.

• யாருக்காக அமைப்போ, அவர் மேஜையில் இருக்கிறாரா? மீனவப் பெண்களுக்கான அமைப்பின் குழுவில் ஒரு மீனவப் பெண்கூட இல்லை என்றால், 1950களின் தவறை நாம் திரும்பவும் செய்கிறோம்.

• ஆரம்பித்தவர் இல்லாமல் ஓடுமா? இதற்குப் பதில் இல்லாவிட்டால், அது அமைப்பு இல்லை, ஒரு தனிமனிதரின் முயற்சி. நல்ல முயற்சியாகவே இருக்கலாம். ஆனால் அதை நம்பி யாரும் தங்கள் சேமிப்பைப் போடக் கூடாது.

கடைசி வருஷங்கள்

1960களின் தொடக்கத்தில் வாரியத் தலைமையிலிருந்து விலகிய பிறகும் துர்காபாய் ஓய்வெடுக்கவில்லை. 1962-ல் சமூக வளர்ச்சிக்கான ஆய்வு அமைப்பு ஒன்றை டெல்லியில் உருவாக்கினார். 1968-ல் இந்தியாவின் சமூகப் பணி பற்றிய கலைக்களஞ்சியம் அவருடைய பொறுப்பில் வெளிவந்தது. குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று 1953-ல் சீனா போய் வந்ததிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டம் வந்தது 1984-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1975-ல் பத்ம விபூஷண் விருது. 1981 மே 9-ம் தேதி காலமானார்.

அவர் விட்டுப் போனவற்றில் கட்டடங்கள் உண்டு, சாலைக்குப் பெயர் உண்டு. அதைவிட முக்கியமானது, பெண்களுக்கான ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு குழு பொறுப்பு, அந்தக் குழுவுக்கு ஒரு விதி, அந்த விதி எல்லோருக்கும் பொதுவானது என்ற பழக்கம். அந்தக் குழுவில் கூலி வேலை செய்யும் பெண்ணை உட்கார வைக்கும் வேலையை அவருடைய தலைமுறை முடிக்கவில்லை.

அடுத்த தடவை பாம்பன் பாலத்தில் போகும்போது கீழே தண்ணீரில் பெண்கள் யாரையும் காணோம் என்றால், அது அவர்கள் விட்டு வைத்த நாளாகவும் இருக்கலாம். 12 நாள் கணக்கு முடிந்திருக்கும். கடலுக்குப் போகாத நாளில்தான் சங்கம் கூடும், நோட்டைப் பிரித்து வைத்து உட்காருவார்கள். முடிந்தால் ஒரு நாள் இறங்கிப் போய், அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.